சிடி28 இல்லாமலே என் டி செல்கள் பிரிந்துவிட்டன: இரண்டு சமிக்ஞைக் கோட்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

முதுகலை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நோயெதிர்ப்பியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக மனித இரத்தத்திலிருந்து நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களைப் பிரித்தெடுத்து, அவற்றை ஆன்டிபாடிகளால் தூண்டிப் பார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டிருக்கிறது. பாடநூலில் படித்ததும் சோதனைத் தட்டின் குழிகளில் கண்டதும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் படித்தது இதுதான். எதிரிலுள்ள செல் தன் எச்எல்ஏ மூலக்கூறில் ஏந்திக் காட்டும் பெப்டைடை, அதாவது புரதத் துண்டை, டி செல் ஏற்பி அடையாளம் காண்பது முதல் சமிக்ஞை. அதே செல்லின் மேலுள்ள சிடி80 அல்லது சிடி86 உடன் டி செல்லின் சிடி28 இணைவது இரண்டாம் சமிக்ஞை. இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் பெருகும். முதலாவது மட்டும் கிடைத்தால் அது மரத்துப்போய், பிறகு முறையாகத் தூண்டினாலும் எழாது.

என் சோதனையில், டி செல் ஏற்பியோடு ஒட்டியிருக்கும் சிடி3-ஐப் பற்றும் ஓகேடி3 ஆன்டிபாடியை மூன்று விதமாகப் பயன்படுத்தினேன். மோனோசைட்டுகள் (இன்னொரு வகை வெள்ளணுக்கள்) உட்பட எல்லா ஒற்றைக்கரு செல்களும் கலந்திருந்த குழியில் அதைக் கரைசலாகவே விட்டபோது, மூன்றாம் நாளில் டி செல்கள் நன்றாகப் பிரிந்திருந்தன. பிரித்தெடுத்த தூய டி செல்களுக்கு அதே கரைசலை அதே அளவில் விட்டபோது, சில செல்களில் தூண்டலின் தொடக்க அடையாளமான சிடி69 சற்றே உயர்ந்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவதாக, ஓகேடி3-ஐ முந்தின இரவே தட்டின் அடியில் பூசி, மறுநாள் கழுவிவிட்டுத் தூய டி செல்களைப் போட்டேன். சிடி28-க்கான ஆன்டிபாடி எதையும் சேர்க்காத நிலையிலும், பாதிக்கு மேற்பட்ட செல்களில், பிரிவை அளக்க முன்பே ஏற்றியிருந்த சாயம் பாதி பாதியாகக் குறைந்திருந்தது. அதாவது அவை பிரிந்திருந்தன. சிடி28 ஆன்டிபாடியைச் சேர்த்த குழியில் பிரிவு இன்னும் கூடியது. டி செல்கள் பெருகுவதற்காகச் சுரக்கும் இன்டர்லூக்கின்-2-இன் அளவோ பல மடங்கு உயர்ந்தது.

மூன்றாவது குழியில் இரண்டாம் சமிக்ஞை எங்கிருந்து வந்தது? தூய்மை 96 சதவீதம்தான், மீதமுள்ள நான்கு சதவீதத்தில் இருக்கும் மோனோசைட்டுகளின் வேலை இது என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் அதே நான்கு சதவீதம் இரண்டாவது குழியிலும் இருந்ததே, அங்கே ஏன் அவை எதையும் செய்யவில்லை? சிடி28 தவிர வேறு ஏற்பிகளும் இதில் பங்கேற்கின்றனவா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய ஆய்வகக்காரர்

உங்கள் கடைசிச் சந்தேகம் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. ஒரே செல்கள் ஒரே ஆன்டிபாடிக்கு இரண்டு குழிகளில் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன என்றால், எஞ்சிய மோனோசைட்டுகளின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு குழியாகப் பார்ப்போம்.

கரைசலில் மிதக்கும் ஓகேடி3-க்கு இரண்டு கைகள்தாம் உண்டு. அது இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும். செல்லோ அந்த இணையை உள்ளே இழுத்து விழுங்கிவிடும். ஏற்பிகள் பெருந்திரளாக ஓரிடத்தில் கூடி நிலைத்து நிற்பதற்கு அங்கே ஒரு தளமே இல்லை. உங்கள் முதல் குழியில் அந்தத் தளத்தை மோனோசைட்டுகள் கொடுத்தன. அவற்றின் மேலுள்ள எஃப்சி ஏற்பிகள் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பற்றிக்கொள்வதால், மோனோசைட்டின் மேற்பரப்பே ஓகேடி3 பூசிய தட்டாக மாறிவிடுகிறது. அதோடு டி செல்லுக்குத் துணைபுரியும் சிடி86, சிடி58, ஒட்டுப் புரதமான ஐகேம்-1 ஆகியவையும் அதே செல்லின் மேல் இருப்பதால், ஆன்டிபாடி மட்டும் தூண்டியது என்று அந்தக் குழியைப் பற்றிச் சொல்லவே முடியாது. இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. ஓகேடி3 சுண்டெலி ஆன்டிபாடிகளில் ஐஜிஜி2ஏ என்ற வகை. சுண்டெலி ஐஜிஜி1 வகைச் சிடி3 ஆன்டிபாடியை வைத்து இதே சோதனையைச் செய்தால், சிலருடைய இரத்தத்தில் டி செல்கள் பெருகும், வேறு சிலருடையதில் பெருகாது. காரணம் அவர்களுடைய டி செல்களில் இல்லை. மோனோசைட்டின் எஃப்சி ஏற்பி ஒன்றில் 131-ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் ஆளுக்கு ஆள் மாறுவதுதான் காரணம். ஆன்டிபாடியை மாற்றினால் அதன் வகையையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது குழிக்கு வருகிறேன். இரண்டு சமிக்ஞை என்றதும் வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருப்பதைப் போல நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒன்று இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு திருகினாலும் திறக்காது என்று. உண்மை அப்படி இல்லை. 1996-இல் வியோலாவும் லான்சவெக்கியாவும் மனித டி செல் குளோன்களை (ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களை) வைத்து, எத்தனை ஏற்பிகள் தூண்டப்பட்டால் செல் எழுகிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். சிடி28-இன் துணை இல்லாதபோது ஏறத்தாழ 8000 ஏற்பிகள் தேவைப்பட்டன. துணை இருந்தபோது ஏறத்தாழ 1500 போதுமானதாக இருந்தது. அதாவது சிடி28 இரண்டாவது பூட்டைத் திறப்பதில்லை, தாண்ட வேண்டிய வாசற்படியின் உயரத்தைக் குறைக்கிறது. தட்டின் அடியில் நெருக்கமாகப் பூசிய ஓகேடி3, பெப்டைடைவிடப் பன்மடங்கு இறுகப் பற்றுவது. அதன் மேல் உட்கார்ந்த செல் படியைத் தன் பலத்தாலேயே தாண்டிவிடும். உடலுக்குள் அப்படி நடக்க வழியில்லை, ஏனெனில் எதிரிலுள்ள செல் காட்டும் ஆயிரக்கணக்கான பெப்டைடுகளில் இந்த டி செல்லுக்கு உரியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையாகவே இருக்கக்கூடும்.

செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டி செல் ஏற்பிக்குத் தனக்கென்று சமிக்ஞை அனுப்பும் வால் கிடையாது. அதோடு ஒட்டியிருக்கும் சிடி3 குடும்பப் புரதங்களின் வால்களில் மொத்தம் பத்து இடங்களில் ஐடேம் என்னும் அமினோ அமிலத் தொடர் இருக்கிறது. சிடி4 அல்லது சிடி8 எச்எல்ஏ மூலக்கூறைப் பிடிக்கும்போது, அதன் வாலில் தொங்கும் எல்சிகே என்ற நொதி அருகே வந்து ஐடேம்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்தப் பாஸ்பேட்டில் ஸாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து அமர்கிறது. அது லாட் என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்ற, அங்கிருந்து பாதை கிளைக்கிறது. ஒரு கிளை கால்சியத்தை உயர்த்தி, கால்சிநியூரின் வழியாக என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்புகிறது. மற்றக் கிளைகள் ஏபி-1, என்எஃப் கப்பா பி என்ற மரபணுவை இயக்கும் புரதங்களை எழுப்புகின்றன. இன்டர்லூக்கின்-2 மரபணுவின் முகப்பில் இவை அனைத்தும் கூடி உட்கார்ந்தால்தான் அது முழுமையாக இயங்கும். சிடி28 தன் வாலால் பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டு கிளைகளுக்கே வலுவூட்டுகிறது. இன்டர்லூக்கின்-2-இன் தூது ஆர்என்ஏ விரைவில் சிதையாமலும் காக்கிறது. உங்கள் கணக்கில் பிரிவு ஓரளவும் இன்டர்லூக்கின்-2 பல மடங்கும் கூடியதற்கு இதுவே பொருள்.

இனி, பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாவது குழியில் இரண்டாம் சமிக்ஞை, அதாவது துணைத்தூண்டல், எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தூண்டிய மறுநாள் அந்தத் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள்: செல்கள் தனித்தனியாக இருக்காது, திராட்சைக் கொத்தைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மனித டி செல்லின் மேல் சிடி2 இருக்கிறது. அதன் இணையான சிடி58-உம் அதே டி செல்லின் மேலேயே இருக்கிறது. ஆகவே பக்கத்து டி செல்லே உங்கள் செல்லுக்குத் துணைத்தூண்டல் தருகிறது. டி செல் ஏற்பி தூண்டப்பட்டதும், எல்எஃப்ஏ-1 என்ற ஒட்டுப் புரதம் இறுக்கமான வடிவத்துக்கு மாறி, அடுத்த செல்லின் ஐகேம்-1-ஐப் பிடித்துக் கொத்தைக் கலையாமல் வைத்துக்கொள்கிறது. தூய்மையை நூறு சதவீதம் ஆக்கினாலும் இந்தத் துணையை உங்களால் விலக்க முடியாது.

சிடி2-இன் வரலாறு சுவையானது. செல்களை ஒவ்வொன்றாக எண்ணி வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் பரவாத 1970-களில், மனித டி செல்களை எண்ணுவதற்குச் செம்மறியாட்டு இரத்தத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்து குளிரில் வைத்தால், ஒவ்வொரு டி செல்லையும் சுற்றிச் சிவப்பணுக்கள் பூவிதழ்களைப் போல ஒட்டிக்கொள்ளும். பூக்களை எண்ணினால் டி செல்களின் எண்ணிக்கை கிடைக்கும். ஆட்டுச் சிவப்பணுவின் மேலிருந்த சிடி58-ஐ ஒத்த புரதத்தைப் பற்றியது இந்தச் சிடி2-தான் என்பது பின்னரே தெரிந்தது. 1984-இல், சிடி2-இன் வெவ்வேறு இடங்களைப் பற்றும் ஆன்டிபாடிகளைச் சேர்த்துக் கொடுத்தால், டி செல் ஏற்பியைத் தொடாமலே மனித டி செல்கள் பெருகுகின்றன என்று காட்டினார்கள். சுண்டெலிக்குச் சிடி58 மரபணுவே கிடையாது. அதன் சிடி2 வேறொரு புரதமான சிடி48-ஐத்தான் பிடிக்கிறது. நமது பாடநூல்களின் பெரும்பகுதி சுண்டெலியிலிருந்து எழுதப்பட்டது என்பதால், சிடி28-க்கு ஓர் அதிகாரமும் சிடி2-க்கு ஓர் அடிக்குறிப்பும் கிடைத்திருக்கின்றன.

செய்து பாருங்கள்: ஓகேடி3-இன் பூச்சு அளவைப் பத்துப் பத்து மடங்காகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைந்த அளவில்தான் சிடி28-இன் உண்மையான மதிப்பு தெரியும். இன்னொரு வரிசையில் சிடி58-ஐ மறைக்கும் ஆன்டிபாடியைச் சேருங்கள். முடிந்தால் சிடி45ஆர்ஏ உள்ள புதிய செல்களையும் சிடி45ஆர்ஓ உள்ள நினைவுச் செல்களையும் பிரித்துப் போடுங்கள். பின்னவை சிடி28-ஐ அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

கணக்கன்

நான் இயற்பியல் பக்கத்திலிருந்து வந்தவன். தட்டில் பூசிய ஆன்டிபாடி வேலை செய்வதற்கு எண்ணிக்கையோடு உயரமும் ஒரு காரணம் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

டி செல்லின் மேல் சிடி45 என்ற நீண்ட புரதம் ஏராளமாக நிற்கிறது. அதன் உட்பகுதி பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி. எல்சிகே ஏற்றும் பாஸ்பேட்டை அது உடனுக்குடன் கழற்றிவிடும். ஓய்வில் இருக்கும் செல் ஓய்விலேயே இருப்பதற்கு இந்த ஏற்றி இறக்கும் சமநிலைதான் காரணம். டி செல் ஏற்பி, பெப்டைடு ஏந்திய எச்எல்ஏ மூலக்கூறைப் பிடிக்கும்போது இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 15 நானோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். சிடி2-உம் சிடி58-உம் கைகோத்தாலும் ஏறத்தாழ அதே இடைவெளிதான். சிடி45 அதைவிட உயரமானது என்பதால், தாழ்ந்த கூரையின் கீழ் நிற்க முடியாதவரைப் போல அங்கிருந்து விலகிவிடுகிறது. கழற்றும் நொதி விலகியதும் ஏற்றும் நொதியின் கை ஓங்குகிறது. இதைத்தான் இயக்கப் பிரிவுக் கோட்பாடு என்கிறார்கள். எல்எஃப்ஏ-1-உம் ஐகேம்-1-உம் இணைந்தால் இடைவெளி 40 நானோமீட்டர் அளவுக்கு அகலமாவதால், அவை நடுவில் நிற்காமல் சுற்றிலும் வளையமாக நிற்கின்றன. 1990-களின் இறுதியில் நுண்ணோக்கியில் கண்ட அந்த நடு வட்டமும் வெளி வளையமும்தான் நோயெதிர்ப்புச் சந்தி என்று பெயர் பெற்றன.

ஆகவே சிடி2-க்கு இரண்டு வேலைகள். தன் வாலால் சமிக்ஞை தருவது ஒன்று. இரண்டு சவ்வுகளையும் சரியான நெருக்கத்துக்கு இழுத்து, டி செல் ஏற்பி தன் பெப்டைடைத் தேடுவதற்கு வசதி செய்து கொடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைச் சமிக்ஞை என்று அழைக்கலாமா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். ஆனால் அது இல்லாமல் சமிக்ஞை பிறக்காது. கரைசலில் மிதக்கும் ஆன்டிபாடி எந்த இரண்டு தளங்களையும் நெருக்குவதில்லை. உங்கள் இரண்டாவது குழி அமைதியாக இருந்ததற்கு அதுவும் காரணம்.

முதுகலை மாணவி

இருவருக்கும் நன்றி. கொத்துகளை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவை தூண்டலின் விளைவு என்று மட்டுமே எண்ணியிருந்தேன். அவையே தூண்டலின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம் என்பது தோன்றவில்லை.

இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. பக்கத்துச் செல்லின் சிடி58 போதும், ஆன்டிபாடி நெருக்கமாக இருந்தால் போதும் என்றால், மனிதருக்குச் சிடி28 தேவையே இல்லை என்று ஆகிவிடாதா? முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்தால் செல் மரத்துப்போகும் என்பது அப்படியானால் எங்கே பார்த்தது?

மாற்றுச் சிறுநீரக மருத்துவர்

மரத்துப்போதலைக் காட்டிய புகழ்பெற்ற சோதனை 1987-இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் செய்தது. ஆன்டிஜெனைக் காட்டும் செல்களை வேதிப்பொருளால் உறையவைத்துச் சுண்டெலியின் டி செல் குளோன்களுக்குக் கொடுத்தார்கள். பெப்டைடு கிடைத்தது, வேறு துணை கிடைக்கவில்லை. குளோன்கள் பிரியவில்லை, பின்னர் நல்ல செல்களைக் கொடுத்தபோதும் அசையவில்லை. மேலே சொன்ன என்ஃபாட் கதைதான் இதற்கு விளக்கம். கால்சியம் மட்டும் உயர்ந்து, என்ஃபாட் துணையின்றி உட்கருவுக்குள் போனால், அது வேறு மரபணுக்களை இயக்கிச் செல்லை மரக்கச் செய்கிறது. கால்சியத்தை உயர்த்தும் அயனோமைசினை மட்டும் கொடுத்தால் இதைத் தட்டிலேயே காணலாம்.

சிடி28 இல்லாத மனிதர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு 2021-இல் விடை கிடைத்தது. உடலெங்கும் மரப்பட்டையும் கொம்பும் போல மருக்கள் வளர்ந்த ஒருவரையும், கடுமையான மருக்கள் கொண்ட அவருடைய உறவினர் இருவரையும் ஆராய்ந்தபோது, மூவருக்கும் சிடி28 மரபணுவின் இரண்டு நகல்களும் பழுதாகியிருந்தன. அவர்களுடைய டி செல்கள் ஏறத்தாழ இயல்பாகவே வளர்ந்திருந்தன. சிடி3-உம் சிடி2-உம் தூண்டப்பட்டபோது அவை எழுந்தன, சிடி28-க்கு மட்டும் எழவில்லை. தோலில் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசை அடக்க முடியாததைத் தவிர, மற்றத் தொற்றுகளை அவர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள். இது யாரும் எதிர்பாராத முடிவு.

என் துறையில் இதன் மறுபக்கத்தை அன்றாடம் பார்க்கிறோம். உங்கள் குழியில் இருக்கும் ஓகேடி3, மனிதரில் பயன்படுத்த முதன்முதலில் அனுமதி பெற்ற ஒற்றைக்குல ஆன்டிபாடி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைத் தடுக்க 1986-இல் அது வந்தது. முதல் ஊசிக்குப் பின் நோயாளிக்குக் கடும் காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. உங்கள் முதல் குழியில் நடந்ததுதான் அவர் உடலிலும் நடந்தது: அவருடைய எஃப்சி ஏற்பிகளே ஆன்டிபாடிக்குப் படுக்கை விரித்து டி செல்களை எழுப்பின, அடக்க வந்த மருந்து முதலில் கிளறிவிட்டது. எஃப்சி ஏற்பி பற்ற முடியாதபடி வாலில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, மனிதப்படுத்திய ஓகேடி3-தான் டெப்லிசுமாப். முதல் வகை நீரிழிவு முற்றுவதைத் தள்ளிப்போட 2022-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

சிடி28-ஐ நேரடியாகத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மார்ச் 13 சாட்சி. லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், இரத்த அழுத்த வீழ்ச்சி. அன்றே ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அனைவரும் பிழைத்தது பெரிய காரியம். அது இயற்கையான இணை பற்றும் இடத்தில் பற்றாமல் சிடி28-இன் பக்கவாட்டில் பற்றி, முதல் சமிக்ஞை இல்லாமலே டி செல்களை எழுப்பவல்லது என்று கருதப்பட்டது. முன்சோதனைகள் இதை ஏன் காட்டவில்லை? குரங்குகளின் ஒருவகை நினைவு டி செல்களில் சிடி28 இல்லை, மனிதரில் இருக்கிறது என்பது பின்னர் தெரிந்த ஒரு காரணம். தட்டுகளில் சோதித்தபோது மனித இரத்தச் செல்களும் அமைதியாகவே இருந்தன. ஆனால் அதே செல்களை இரண்டு நாட்கள் மிக நெருக்கமாக அடைத்து வளர்த்துவிட்டுக் கொடுத்தால், அவை சீறி எழுகின்றன என்று 2011-இல் காட்டப்பட்டது. திசுக்களில் டி செல்கள் அடுத்த செல்லின் எச்எல்ஏ மூலக்கூறுகளைத் தொட்டபடியே, ஒரு மெல்லிய முதல் சமிக்ஞையோடு இருக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும்போது அதை இழக்கின்றன. ஆக, முதல் சமிக்ஞை வேண்டாம் என்று பெயர் பெற்ற அந்த ஆன்டிபாடிக்கும் டி செல் ஏற்பியின் கிசுகிசுப்பு தேவைப்பட்டது.

கடைசியாக ஒன்று. சிடி80, சிடி86 இரண்டையும் மூடிவிடும் பெலாடாசெப்ட் 2011-இல் சிறுநீரக மாற்றுக்கு வந்தது. நிராகரிப்பைத் தடுக்கும் பழைய மருந்தான சைக்ளோஸ்போரினைவிடச் சிறுநீரகத்துக்கு நல்லது. ஆனால் முதலாண்டில் திடீர் நிராகரிப்பு அதைவிட அதிகம். சிடி28-ஐ எதிர்பார்க்காத நினைவு டி செல்கள் உடலில் முன்பே இருப்பதுதான் இதற்கு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது.

இருபது வருட வாசகன்

மருத்துவர் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் சிடி28 முக்கியமில்லை என்ற முடிவோடு போய்விடக் கூடாது. மூன்று பேர் பிழைத்திருக்கிறார்கள் என்பது, ஒரு பாதை பிறவியிலேயே இல்லாதபோது மற்றவை ஈடுகொடுக்க முடியும் என்பதைத்தான் காட்டுகிறது. அந்தப் பாதை இருக்கும் உடலில் அதன் எடை என்ன என்பது வேறு கேள்வி.

அந்த எடையை அறிய அதன் பிரேக்கைப் பாருங்கள். சிடிஎல்ஏ-4 என்ற ஏற்பி அதே சிடி80, சிடி86 மூலக்கூறுகளைச் சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுகப் பற்றுகிறது; பற்றியதோடு நிற்காமல் எதிரிலுள்ள செல்லின் மேலிருந்து அவற்றைப் பிய்த்து உள்ளே இழுத்து அழிக்கவும் செய்கிறது. சிடிஎல்ஏ-4 இல்லாத சுண்டெலிக் குட்டிகள், கட்டுக்கடங்காமல் பெருகும் டி செல்களால் மூன்று நான்கு வாரங்களில் இறந்துவிடுகின்றன என்று 1995-இல் கண்டார்கள். மனிதரில் அதன் மரபணுவின் ஒரு நகல் மட்டும் பழுதானாலும் பலருக்குக் குடலும் நுரையீரலும் இரத்தமும் பாதிக்கப்படுகின்றன. ஒரு பாதை அற்பமானது என்றால் அதற்கு இவ்வளவு வலுவான பிரேக்கை உடல் ஏன் வைத்திருக்க வேண்டும்? அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் இபிலிமுமாப் 2011-இல் புற்றுநோய் மருந்தானது. 2018-இல் ஜேம்ஸ் அல்லிசனும் தசுகு ஹோன்ஜோவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஹோன்ஜோ கண்ட இன்னொரு பிரேக்கான பிடி-1 கூட, டி செல் ஏற்பியைவிடச் சிடி28-இன் வாலிலுள்ள பாஸ்பேட்டையே முதலில் கழற்றவைக்கிறது என்று 2017-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

நோயாளியின் டி செல்களில் புற்றுநோயைப் பற்றும் செயற்கை ஏற்பியைப் பொருத்தும் கார்-டி சிகிச்சையும் இதையேதான் சொல்கிறது. சிடி3-இன் ஸீட்டா வால் மட்டும் பொருத்திய முதல் தலைமுறைச் செல்கள் நோயாளியின் உடலில் நிலைக்கவில்லை. அதோடு சிடி28 அல்லது இன்னொரு துணைத்தூண்டல் ஏற்பியான 4-1பிபி-யின் வாலையும் சேர்த்துத் தைத்த பிறகே சிகிச்சை பலித்தது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19-இல் இருப்பது 4-1பிபி. தட்டில் மூன்று நாள் பெருகுவது ஒன்று, உடலில் மூன்று மாதம் உயிரோடிருந்து வேலை செய்வது வேறொன்று. உங்கள் சாயக் கணக்கு முன்னதை மட்டுமே அளக்கிறது. ஆய்வேட்டில் அந்த வரம்பைக் குறிப்பிடுங்கள்.

முதுகலை மாணவி

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். புதிதாக இரண்டு கொடையாளர்களின் இரத்தம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஓகேடி3-ஐ முன்பு பூசிய அளவிலேயே பூசிய குழிகளில், சிடி58-ஐ மறைத்தபோது பிரிவு சற்றே குறைந்தது, நிற்கவில்லை. நூறில் ஒரு பங்காகக் குறைத்த குழிகளில்தான் வேறுபாடு கண்ணுக்குப் பட்டது. அங்கே சிடி28 ஆன்டிபாடி இல்லாத செல்கள் மிகக் குறைவாகவே பிரிந்தன, அதையும் சிடி58-ஐ மறைத்த குழியில் காணவில்லை. சிடி28 ஆன்டிபாடியைச் சேர்த்த குழியில், சிடி58 மறைந்திருந்தும் செல்கள் ஓரளவு பிரிந்தன. மறைக்காமல் இரண்டும் கிடைத்த குழியின் பிரிவு, தனித்தனியாகக் கிடைத்த இரண்டு குழிகளையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தது. கொத்துகளையும் பார்த்தேன்: சிடி58-ஐ மறைத்த குழியில் அவை சிறுத்தும் தளர்ந்தும் இருந்தன, தட்டை லேசாகத் தட்டியதுமே கலைந்துவிட்டன.

புதிய செல்களையும் நினைவுச் செல்களையும் பிரிக்கும் முயற்சி இன்னும் கைகூடவில்லை. பிரித்த பிறகு போதுமான செல்கள் மிஞ்சவில்லை. வழிகாட்டி படங்களைப் பார்த்துவிட்டு, எஞ்சிய மோனோசைட்டுகளை விலக்க, அவற்றின் மேலுள்ள சிடி14-ஐப் பற்றும் மணிகளைக் கொண்டு இன்னொரு முறை வடிகட்டிவிட்டு இதையே திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்பதும் நியாயமே. அடுத்த கொடையாளர் வியாழக்கிழமை வருகிறார்.